வெர்னா கேட்டு வாங்கிய நாய்ப்பூங்கா

எங்கள் ஊர் யாரம்பூலில் வெர்னா ஹாஸ்கிங்ஸ் தலைவியாக இல்லாத அமைப்பு ஒன்றே ஒன்றுதான். அது ஆண்கள் கால்பந்து அணி. அதிலும் இடைவேளைத் தேநீர் யார் போடுவது, ஆரஞ்சுப் பழத்தை எத்தனை துண்டாக நறுக்குவது என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான் நடக்கும். உழைத்த காலம் முழுவதும் தபால் நிலையக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள். ஓய்வு பெற்ற பிறகு ஊரையே ஒரு தபால் நிலையமாக நினைத்துக்கொண்டாள். எல்லாம் வரிசையில் வர வேண்டும், எல்லாவற்றிலும் முத்திரை விழ வேண்டும். ஒரு வருடம் ஆற்றில் வெள்ளம் வந்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, ஜனங்கள் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட, இவள் மட்டும் வாசலில் நின்று, "மொதல்ல ஒரு குழு போடுங்கப்பா, யாரு ஒருங்கிணைப்பாளர்னு தெரியாம எப்படி ஓடறது?" என்று கேட்டவள். கெட்ட மனசு கிடையாது. ஒரு விஷயம் தானாக நடந்துகொண்டிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

அவள் கணவன் கீத் இதற்கு நேர் எதிர். வண்டி பழுது பார்க்கிறவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அவன் வளர்த்த நாய்தான் ஸ்பேனர். கெல்ப்பி இனம், ஆடு மேய்க்கப் பிறந்த ஜாதி. அதை முதலில் வைத்திருந்தது ஊருக்கு வெளியே ஆட்டுப்பண்ணை நடத்தும் ஒரு குடும்பம். சோம்பேறி நாயை வேலையைவிட்டு அனுப்புவார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். ஸ்பேனரை அனுப்பியது அது வேலை வெறி பிடித்து அலைந்ததற்காக. ஆடு இல்லாத நேரத்தில் கோழிகளை மடக்கும். கோழி அடைந்த பிறகு பண்ணைக்காரரின் பிள்ளைகளை வராந்தா மூலையில் ஒதுக்கி நிறுத்திக் காவல் இருக்கும். ஒரு நாள் மாமியாரையே கழிப்பறைக்குப் போகவிடாமல் மூலையில் நிறுத்திவிட்டது. "கீத், நீ இதைக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா என் பொண்டாட்டி போயிருவா" என்று பண்ணைக்காரர் கெஞ்சினார். கீத் அதைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து கீத் இருக்கும் இடத்தில் ஸ்பேனர் இருக்கும்.

ஒவ்வொரு விடியலிலும் இருவரும் ஆற்றோரக் கால்பந்து மைதானத்துக்குப் போவார்கள். கீத் சங்கிலியைக் கழற்றிவிடுவான். அது மைதானத்தை வளையம் வளையமாகச் சுற்றிவரும். போதும் என்றால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி. நீளமாக ஒன்று, அதன் வாலில் குட்டையாக வளைந்து இன்னொன்று. எங்கே இருந்தாலும் அம்பாக வந்து காலடியில் நிற்கும்.

ஒரு ஈஸ்டர் வாரத்தில் கீத் மாரடைப்பில் போய்விட்டான். ஸ்பேனர் அந்தப் பிக்கப் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. கறி வைத்தார்கள், தொடவில்லை. மருத்துவர் வந்து பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வெர்னா இறுதிச் சடங்கின் சாண்ட்விச் ஏற்பாட்டைக்கூட ஒரு குழு போட்டுத்தான் முடித்தாள். ஆனால் அந்த நாய்க்கு என்ன குழு போடுவது? ஒரு விடியலில் கீத்தின் ரப்பர் பூட்ஸைத் தன் காலில் மாட்டிக்கொண்டு அதை இழுக்காத குறையாக மைதானத்துக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டாள். ஓடியது. களைத்ததும் தானாகவே அவளிடம் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து தட்டைக் காலி செய்து, தட்டையும் நக்கியது. வெர்னா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு ஒரு விடியலும் தவறியதில்லை. அந்த ஓட்டம் இருந்தால்தான் ஸ்பேனருக்குச் சோறு இறங்கும். உண்மையைச் சொல்வதானால் வெர்னாவுக்கும் அப்படித்தான்.

மைதானத்தில் இவர்கள் மட்டும் இல்லை. விடிந்தால் ஊர் நாய்கள் எல்லாம் அங்கேதான். வெர்னாவின் சிநேகிதி தெல்மா தன் டச்சஸைக் கொண்டுவருவாள். வயிறு புல்லைக் கூட்டிக்கொண்டே வரும் குட்டைக்கால் நாய் அது. மருந்துக்கடைக்காரர் இரண்டைக் கொண்டுவருவார். எல்லாம் அவிழ்ந்து கிடக்கும். சரியாக அந்த நேரத்துக்குப் புல்வெட்டிக் கொட்டகையிலிருந்து மைதானக் காவலர் கிளாரி டாங்க்ஸ் வெளியே வருவார். இடுப்பில் கைவைத்து, ஆறு தாண்டிக் கேட்கும்படி கத்துவார்: "அந்தச் சனியன் புடிச்ச நாய்ங்களை என் மைதானத்தை விட்டு வெளிய கொண்டு போங்க!" எல்லோரும் கையை ஆட்டி, "சரி கிளாரி!" என்பார்கள். ஒருவரும் போக மாட்டார்கள். அவரும் உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். மழையானாலும் பனியானாலும் இது நடக்கும். கீத் இருந்தபோது, "கிளாரி கத்தினாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கு" என்று சிரிப்பான்.

வெர்னாவுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. கீத்தோட நாயை ஒருத்தன் தினமும் சனியன் என்பதா! அந்தக் குரல் கேட்டதும்தான் ஸ்பேனர் முழு வேகம் பிடிக்கும். பயந்துபோய் ஓடுது, பாவம் என்று இவள் வயிறெரிவாள். பள்ளிக்கூடத்தில் அவளும் கிளாரியும் ஒரே வகுப்பு. அப்போதே இவன் இப்படித்தான், காட்டுக்கத்தல் கத்துவான் என்று தெல்மாவிடம் புலம்புவாள்.

அப்படி இருக்கும்போதுதான் தெல்மா அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள்.

"கேட்டியாடி? முர்ரன்டேல்காரனுக்கு நாய்ப்பூங்கா கெடச்சிருச்சாம்."

முர்ரன்டேல் எங்கள் பக்கத்து ஊர். அந்தப் பெயரைச் சொன்னாலே யாரம்பூலில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. இறுதிப் போட்டியில் நடுவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு எங்களை ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்தவர்கள். அவர்களுக்கு வட்டச் சாலைச் சந்திப்பு வந்தது, பொறுத்துக்கொண்டோம். ஊர் எல்லையில் வீட்டு உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு உருளைக்கிழங்கு செய்து வைத்து, அதைப் படம் பிடிக்க பஸ் பஸ்ஸாக ஆட்களை வரவழைத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டோம். இப்போது இது.

"நாய்ப்பூங்காவா? அப்படின்னா?"

"சுத்தி வேலி போட்ட எடம். உள்ள போயி நாயைக் கட்டாம விட்டுரலாம். அது பாட்டுக்கு ஓடும். யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

"யாரும் கத்த மாட்டாங்களா?"

"கத்தித்தான் பாக்கட்டுமே! சட்டப்படி எடம்டி அது."

வெர்னா அப்போதே எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி மாட்டினால் குழு போடப் போகிறாள் என்று அர்த்தம்.

'யாரம்பூல் நாய்கள் சுதந்திர ஓட்டக் குழு' அன்று சாயங்காலமே பிறந்தது. தலைவி வெர்னா. துணைத்தலைவி தெல்மா. சனிக்கிழமைகளில் பல்பொருள் அங்காடி வாசலில் அடுப்பு வைத்து, ரொட்டித் துண்டில் சுட்ட சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நாய் இருப்பவன் போட்டான். நாயைக் கண்டாலே ஆகாதவன் வெங்காய வாசனைக்குப் போட்டான். ஒரே ஆள் மூன்று சனிக்கிழமையும் வந்து போட்டான், அவனுக்கு நாயும் இல்லை, இந்த ஊரும் இல்லை. டச்சஸ் ஒரு தட்டு சாசேஜை மேஜைத்துணியோடு இழுத்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் ஏப்பம் விட்டது. மதுக்கடையில் ஒரு தட்டுக் கறியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கிச் செலவுக்குத் தேற்றினார்கள். "அவிழ்த்துவிடு யாரம்பூல்!" என்று சட்டை அச்சடித்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கால்பந்து அணிப் பையன்கள் மதுக்கடையில் என்னத்தை அவிழ்த்தார்கள் என்பதை இங்கே சொல்வதற்கில்லை. வெர்னா மறுநாளே அவர்களிடமிருந்து சட்டைகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

எதிர்ப்பும் வந்தது. பூனை வைத்திருப்பவர்கள், "பூனைங்களுக்கு மட்டும் கால் இல்லையா?" என்று கேட்டார்கள். ஆடு வளர்க்கும் ஒரு பெரியவர் தன் கிடாவையும் உள்ளே விடலாமா என்று எழுத்தில் பதில் கேட்டார். வெர்னா எல்லோருக்கும் பதில் கொடுத்தாள். ஊரில் சிலர், கணவன் போன துக்கத்தை இந்த அம்மாள் இப்படித் தீர்த்துக்கொள்கிறாள் என்று பேசினார்கள். பேசட்டுமே. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்பேனர் ஓட வேண்டும், அதை ஒருவனும் ஏச்சுப் பேச்சு சொல்லக் கூடாது.

கவுன்சிலில் எங்கள் பகுதிக்கு உறுப்பினர் நெவில் பார்டோ. முன்பு டிராக்டர் விற்றவர். முடியும் என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் வாடிக்கையாளரை வாசல்வரை கொண்டுவந்து விடும் வித்தையை அங்கே படித்தவர். "அருமையான யோசனை வெர்னா, அருமை! பரிசீலிப்போம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். தேர்தல் கிட்ட நெருங்க நெருங்கக் குலுக்கல் பலமாகியது. கடைசியில் மெல்பர்னிலிருந்து ஒரு நிபுணரையே வரவழைத்தார்கள். அவர் கலர் கலராகக் காகிதத் துண்டுகளைக் கொடுத்து, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தங்களை நாயாக நினைத்துக்கொள்ளும்படி சொன்னார். பின் வரிசையில் இருந்த விவசாயிகள் கண்ணை மூடினார்கள். அப்படியே தூங்கிப்போனார்கள். "ஆழ்ந்த ஈடுபாடு" என்று நிபுணர் மெச்சிக்கொண்டார்.

பிறகு ஊர் மண்டபத்தில் கடைசிக் கூட்டம். மேடையில் வெர்னா. ஓரத்தில் கவுன்சிலின் நாய்த் துறை அதிகாரி ஜாரட், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, யார் இருமினாலும் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று வெர்னா கேட்டாள். கிளாரி எழுந்தார்.

"இது வேணாம்."

சபையில் சிரிப்பு. எதிர்பார்த்ததுதானே!

"காரணத்தைச் சொல்லு கிளாரி."

கிளாரி ஜாரட்டைப் பார்த்தார். தொப்பியைக் கையில் சுழற்றினார். "இங்க வெச்சு சொல்ல முடியாது. ஒரு நிமிஷம் வெளிய வா வெர்னா, சொல்றேன்."

"இந்தக் குழுவுல ஒளிவு மறைவு கெடையாது. எதுவா இருந்தாலும் சபையில சொல்லு."

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. தெல்மா பெருமையில் மூக்கைச் சிந்தினாள்.

"எழுதிக் கேக்காதே வெர்னா. அவ்வளவுதான் சொல்வேன்." கிளாரி வாசலை நோக்கி நடந்தார்.

அப்போது ஜாரட் மரியாதையாகக் கையைத் தூக்கினான். "ஒரே ஒரு சந்தேகம்மா. இப்போ நாய்களை எங்க ஓட விடறீங்க?"

"எங்க விடறது? மைதானத்துலதான்! தெனமும் காலையில. ஊர்ல உள்ள அத்தனை நாயும்."

"சங்கிலி இல்லாமலா?"

"சங்கிலி போட்டு எப்படித் தம்பி ஓடும்? அதனாலதானே பூங்கா கேக்கறோம்!"

ஜாரட் எழுதினான். வாசலில் நின்ற கிளாரி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். நாயைக் கண்டால் ஆகாதவன், வேறென்ன செய்வான் என்று வெர்னா நினைத்தாள்.

பூங்கா கிடைத்துவிட்டது. எங்கே என்று கேட்கிறீர்களா? கழிவுநீர்க் குட்டைகளுக்குப் பக்கத்தில். காற்று தெற்கிலிருந்து அடித்தால் ஒரு தொந்தரவும் இல்லை என்றார் நெவில். எங்கள் ஊரில் தெற்குக் காற்று வருடத்தில் எப்போதாவது வழி தவறி வருவது. வேலி, இரட்டைக் கதவு, நாய் நுழைந்து வர ஒரு பிளாஸ்டிக் சுரங்கம், நாய் குடிக்க ஒரு குழாய், ஆள் உயரத்துக்கு ஒரு விதிமுறைப் பலகை. பலகையின் உச்சியில் நெவிலின் பெயர் கொட்டை எழுத்தில். ஒரு பெஞ்சுக்குக் கீத்தின் பெயரை வைக்க வெர்னா கேட்டிருந்தாள். வைத்தார்கள், பெஞ்சின் அடிப்பக்கத்தில். வெயில் மழை படாமல் பாதுகாப்பாக இருக்குமாம்.

திறப்பு விழா சனிக்கிழமை. மாதர் சங்கத்தார் ஜாமும் பாலேடும் வைத்த ஸ்கோன் ரொட்டிகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். முர்ரன்டேல் கவுன்சிலிலிருந்துகூட ஒருவர் வந்து, எங்கள் பிளாஸ்டிக் சுரங்கத்தை முழம் போட்டு அளந்து பார்த்தார். வெர்னா நீலத் தொப்பி வைத்து, ஒரு கையில் கத்தரிக்கோல், ஒரு கையில் ஸ்பேனரின் சங்கிலியோடு நின்றாள். நெவில் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இன்னொரு நல்ல சேதி! இவ்வளவு அருமையான பூங்கா கெடச்சதால, இன்னைலேர்ந்து ஊர்ல வேற எங்கயும் நாயை அவுத்து விடவே வேண்டியதில்லை. குறிப்பா கால்பந்து மைதானம். அங்க இத்தனை வருஷமா நடந்த விதிமீறல நம்ம வெர்னாதான் தைரியமா கவுன்சில் கவனத்துக்குக் கொண்டுவந்தாங்க. காலையிலேயே அங்க தடைப் பலகை நட்டாச்சு. மீறினா அபராதம். வெர்னாவுக்கு ஒரு பலத்த கைதட்டல்!"

ஜனங்கள் பழக்கதோஷத்தில் தட்டினார்கள். பாதியில் அவர்களுக்கே புரிந்து, கைதட்டல் மெலிந்து நின்றது.

"என்னடி சொல்றான் இந்த ஆளு? மைதானத்துலயா?" என்று தெல்மா காதைக் கடித்தாள்.

வெர்னாவுக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் தலைவி அல்லவா! "போனா போகுதுடி. அதான் பூங்கா இருக்கே. ஸ்பேனர் இங்க ஓடிட்டுப் போகுது" என்று சொல்லி நாடாவை வெட்டினாள். எல்லோரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. சங்கிலிகள் கழன்றன.

ஸ்பேனர் ஓடவில்லை. நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தது. நாய்கள் ஒரு பக்கம், கவுன்சில்காரர்கள் ஒரு பக்கம், ஸ்கோன் தட்டோடு பெண்கள் ஒரு பக்கம். வேலி போட்ட இடத்துக்குள் இத்தனை உயிர்கள் இப்படி ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதா? அதன் பரம்பரை ரத்தம் கொதித்துவிட்டது. வயிற்றைத் தரையோடு பதித்தது. அடுத்த நொடி வேலை ஆரம்பம்.

முதலில் டச்சஸ் மூலைக்குப் போனது. அடுத்து மருந்துக்கடைக்காரரின் இரண்டும். பிறகு ஒரு பூடில், அதைக் காப்பாற்றப் போன அதன் எஜமானி, அவளைக் காப்பாற்றப் போன முர்ரன்டேல்காரர். யாரையும் கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை. வளைந்து வளைந்து ஓடி, குதிகாலுக்குப் பின்னால் வந்து நின்று ஒரு பார்வை. அவ்வளவுதான், ஆள் தானாக நகர்ந்தார். ஜாரட் விதிமுறையைப் படித்துக்காட்டிக்கொண்டே பின்வாங்கினான். மாதர் சங்கம் முழுவதும் தட்டுகளோடு போய்ச் சேர்ந்தது. கடைசியாக நெவில் பிளாஸ்டிக் சுரங்கத்துக்குள் புகுந்து தப்பப் பார்த்தார். மறுமுனையில் ஸ்பேனர் காத்திருந்தது. அவரும் ஊர்ந்து போய் மூலையில் நின்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் மந்தைக்குள் மாட்டிக்கொண்டதால், எல்லோருடைய முதுகையும் படம் எடுத்தார்.

பிறகு ஸ்பேனர் அவர்கள் முன் படுத்துக்கொண்டது. யார் கால் அசைந்தாலும் அதன் காது அசைந்தது.

"யோவ், யாராச்சும் இதைக் கூப்பிடுங்கய்யா!" நெவிலின் தலைமுடியில் பாலேடு.

"ஸ்பேனர்! வா! நில்லு! உக்காரு! போடா!" என்று வெர்னா அலறினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்தது கீத்தின் சீட்டி ஒன்றுதான். வெர்னா இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். காற்றும், சற்றுமுன் தின்ற ஸ்கோனின் ஜாமும்தான் வந்தது. மறுபடி ஊதினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அப்போது கேட்டது அந்தச் சீட்டி. நீளமாக ஒன்று, அதன் வாலில் குட்டையாக வளைந்து இன்னொன்று. வெர்னா சட்டென்று திரும்பினாள். ஒரு நொடி, நிஜமாகவே கீத்தைத் தேடினாள். வேலிக்கு வெளியே கிளாரி, வாயில் இரண்டு விரலோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்பேனர் மந்தையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வேலிக்கம்பியில் மூக்கை வைத்தது. கிளாரி அதன் மூக்கை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பூங்காக் குழு கூடியது. ஒரே தீர்மானம்: மந்தை சேர்க்கும் இன நாய்களுக்குப் பூங்காவில் அனுமதி இல்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று தலைவியே கேட்க வேண்டியிருந்தது. தெல்மாவின் கையும் மெதுவாக மேலே போனது.

"நீயுமாடி?"

"என்ன பண்ணச் சொல்றே? டச்சஸுக்கு அன்னைலேர்ந்து வயிறு சரியில்ல. மூலையைக் கண்டாலே நடுங்குது."

தீர்மானம் நிறைவேறியது. பலகையில் ஒரு வரி கூடியது. தான் கேட்டு வாங்கிய பூங்காவின் வாசலில், தன் நாயை விடாதே என்று எழுதிய பலகைக்கு முன்னால் வெர்னா ரொம்ப நேரம் நின்றாள்.

பூங்காவுக்கும் பெரிய யோகம் இல்லை. குட்டை வாடைக்கு இரண்டு மாதத்தில் ஜனங்கள் வருவதை விட்டார்கள். புல் முழங்காலைத் தொட்டது. கவுன்சில் வந்து, புல்லை வெட்டுவதற்குப் பதிலாக, 'பாம்பு ஜாக்கிரதை' என்று இன்னொரு பலகை வைத்துவிட்டுப் போனது.

ஸ்பேனரை வெர்னா சங்கிலியில் பிடித்துத் தெருத்தெருவாக நடத்தினாள். நடந்தது. ஒவ்வொரு தெருமுனையிலும் ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்தால் தட்டை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். அப்புறம் ஒரு நாள் பிக்கப் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் வெர்னா ஓடிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவி, என் கையாலேயே இப்படிச் செய்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அதைச் சங்கிலியோடு மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். வாசலில் புதுப் பலகை, நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. கொட்டகையிலிருந்து கிளாரி வந்தார். வெர்னா நின்றாள். அவர் இவளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் புல்வெட்டியைத் துடைக்கக் குனிந்துவிட்டார்.

வெர்னா ஒரு சுற்று நடந்தாள். சத்தமே இல்லை. இன்னொரு சுற்று நடந்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை, நேரே அவரிடம் போனாள்.

"ஏன் கிளாரி கத்தல?"

"எதுக்குக் கத்தணும்? சங்கிலி போட்டுத்தானே கூட்டிட்டு வந்திருக்கே. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கே."

"அன்னைக்கு வெளிய வான்னு கூப்பிட்டியே, இதைச் சொல்லத்தானா?"

"பின்ன என்னத்துக்குக் கூப்பிட்டேன், டான்ஸ் ஆடவா? அந்த ஜாரட் பய பக்கத்துல உக்காந்து எழுதிட்டு இருக்கான். நாய்ங்க இங்க ஓடிட்டுத்தானே இருக்கு, எதுக்குடி போயி அனுமதி கேக்கறேன்னு அவன் காதுபட எப்படிச் சொல்றது?"

"நீதானே தெனமும் வெளிய போ, வெளிய போன்னு கத்தினே!"

"கவுன்சில்காரன் கேட்டா நாளைக்கு நான் என்ன சொல்றது? 'நான் தெனமும் வெரட்டிட்டுத்தான் இருக்கேன், ஜனங்க கேக்க மாட்டேங்குது'ன்னு சொல்லலாம்ல? பொய்யும் இல்ல பாரு." கிளாரி கையைக் கந்தலில் துடைத்தார். "கத்தறது என் வேலை. கேக்காம இருக்கறது உங்க வேலை. கீத்தும் நானும் அப்படித்தான் பேசி வெச்சிருந்தோம். நல்லாத்தானே போயிட்டு இருந்துது?"

வெர்னா ஸ்பேனரைத் திரும்பிப் பார்த்தாள். "கீத்தா? அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ குழு போட்டிருப்பே."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே அது அழுகையாகிவிட்டது. கிளாரி தர்மசங்கடப்பட்டுப் புல்வெட்டியின் திருகாணி ஒன்றை அவசியமில்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, வாசல் பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். நாய்கள் சுதந்திர ஓட்டக் குழுவின் தலைவி, விதிமுறைப் பலகைகளுக்கெல்லாம் காரணமானவள், தன் நாயின் சங்கிலியைக் கழற்றினாள்.

ஸ்பேனர் ஓடவில்லை. மைதானத்து எல்லைக்கோட்டில் போய் நின்று, காதை விறைத்துக்கொண்டு, திரும்பிக் கிளாரியைப் பார்த்தது. அது பயந்து ஓடியதே இல்லை என்று வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கத்தலுக்காகத்தான் அது தினமும் காத்திருந்திருக்கிறது.

"கத்தேன் கிளாரி" என்றாள்.

"மாட்டேன் போ. எவனாவது பாத்து எழுதி வெச்சா என் வேலைக்கே உலை."

"உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு தடவை."

கிளாரி தெருவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கந்தலைத் தோளில் போட்டு, இடுப்பில் கைவைத்து, மார்பு நிறையக் காற்றை இழுத்தார்.

"அந்தச் சனியன் புடிச்ச நாயை என் மைதானத்தை விட்டு வெளிய கொண்டு போடி!"

ஸ்பேனர் பறந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இரண்டு மூன்று வீட்டுக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. வெர்னா கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினாள்.

"சரி கிளாரி!" என்று கத்தினாள். சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.